ஆளுக்கு ஒரு பெட்டி

செருப்பை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்ட அண்ணன் தம்பியை யாராவது பார்த்ததுண்டா? காயில் அக்கா பார்த்திருக்கிறாள். அவள் கூடப் பிறந்தவர்களே அவர்கள்தான். செருப்புக்குப் பதில் ஸ்பீக்கர் பெட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

காயில் அக்கா என்ற பேர் அவளுக்கு ஸ்பீக்கர் கம்பெனியில் வந்தது. பதினெட்டு வயதில் உள்ளே போனவள், பதினாலு வருஷம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து காயில் சுற்றினாள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஆடி ஒலி எழுப்புகிறதே, அதை ஆட்டுவது கூம்பின் கழுத்தில் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள். கம்பி தலைமுடி கனம்தான் இருக்கும். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் அந்த ஸ்பீக்கர் தன் ஜோடியோடு ஒத்துப் போகாது. ஆம்பளை விரலுக்கு அந்த வேலை படியாது என்று கம்பெனி அந்தப் பிரிவில் பெண்களைத்தான் வைத்திருந்தது. ஒருநாள் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அதற்குப் பிறகு பழைய ஸ்பீக்கர் வைத்திருக்கும் ஆசைக்காரர்கள் அவள் வீட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

அவளுடைய அப்பா ரேடியோ கடையில் விற்பனையாளராக இருந்தவர். முதலாளி கழித்துப் போட்ட ஒரு ஜோடிப் பெட்டியை அவர் கைவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இடுப்பு உயரம், தேக்கு நிறம். ஒன்றில் பெரிய கூம்பின் காயில் கருகியிருந்தது. இன்னொன்றில் சின்னக் கூம்பு செத்திருந்தது. இரண்டிலும் கிராஸ்ஓவர் பலகை கெட்டிருந்தது. தடித்த ஒலியைப் பெரிய கூம்புக்கும் மெல்லிய ஒலியைச் சின்னக் கூம்புக்கும் பிரித்து அனுப்புகிற பலகை அது. அதில் இருக்கும் கெபாசிட்டர் வயதானால் வீங்கிப் போகும். மகள்காரி காயிலை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சுற்றிவிட்டாள். சின்னக் கூம்புக்கும் கெபாசிட்டருக்கும் ஆறு வருஷம் அலைந்தாள். அதே கம்பெனி, அதே வரிசை எண், அதே மதிப்பு. அதைவிட மலிவாகவும் புதுசாகவும் கடையில் எத்தனையோ கிடைத்தன. "போட்டா பாடும்பா, ஆனா வேற யாரோ பாடுற மாதிரி இருக்கும்" என்று தொடவே மாட்டேன் என்றாள்.

ஆறாவது வருஷம் இரண்டு பெட்டியும் சேர்ந்து பாடின. ஜோடி சரியாக ஒத்துப் போனால் என்ன நடக்கும் தெரியுமா? குரல் இந்தப் பெட்டியிலிருந்தும் வராது, அந்தப் பெட்டியிலிருந்தும் வராது. இரண்டுக்கும் நடுவே, சுவரைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், பாடுகிற ஆள் வந்து நிற்பதைப் போல் இருக்கும். அப்பா எழுந்து போய் அந்த இடத்தைக் கையால் துழாவிப் பார்த்தார். பிறகு அவர் படுக்கையில் விழுந்த நாலு வருஷமும் சாயங்காலம் அப்பாவும் மகளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வந்த இரண்டு வரன்களும் அந்த நாலு வருஷத்தில் வந்த வழியே போயின. அப்பாவின் மூத்திரத் துணியை அலசிக் காயப்போட வேறு யார் இருந்தார்கள்?

அப்பா கண்ணை மூடிய மாதமே வீட்டை விற்றார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் பிறந்ததிலிருந்தே ஆகாது. பீரோ, கட்டில், மின்விசிறி என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை. கடைசியில் ஸ்பீக்கருக்கு வந்து நின்றார்கள். அதை எடுத்துக்கொள்ளும் எண்ணம் இரண்டு பேருக்குமே இல்லை. ஆனால் மற்றவன் எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது.

"ரெண்டு பெட்டி, ரெண்டு பேரு. இதுல பேச என்ன இருக்கு?" என்றான் பெரியவன்.

"அது ஜோடிண்ணா. பிரிச்சா ஒண்ணுக்கும் ஆகாது" என்றாள் அவள்.

"உன்ன யாரு கேட்டா? நீ எங்ககூடத்தான இருக்கப் போற. உனக்கு எதுக்குத் தனியா?"

அவளையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். பெரியவன் வீட்டில் ஆறு மாதம், சின்னவன் வீட்டில் ஆறு மாதம். பெற்ற தாயை இப்படிப் பந்தாடும் பிள்ளைகளை ஊர் உலகத்தில் பார்த்திருக்கிறோம். கூடப் பிறந்தவளை முறை வைத்து வேலை வாங்கிய புண்ணியவான்கள் இவர்கள்தான். அண்ணிக்கு முட்டி வலி, குனிய முடியாது. தம்பி பெண்டாட்டி இரட்டைப் பிள்ளை பெற்றவள், நிமிர முடியாது. குனிவதற்கும் நிமிர்வதற்கும் இவள் ஒருத்தி அகப்பட்டாள்.

பெரியவன் வீட்டில் பெட்டியின் மேல் மீன்தொட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் சிந்திச் சிந்தி மரம் ஊறியது. அவள் கீழே ரப்பர் விரிப்புப் போட்டாள். சின்னவன் வீட்டில் அது பிள்ளைகளின் பள்ளிப் பைக்கும் சாக்ஸுக்கும் மேடை. இரட்டையரில் ஒருவன் பெரிய கூம்பின் நடுவில் இருந்த குமிழை விரலால் அமுக்கிக் குழியாக்கிவிட்டான். அவள் ஒட்டுப்பட்டையை வைத்து மெல்ல இழுத்து எடுத்தாள். இந்த வீட்டில் இருக்கும்போது இந்தப் பெட்டியைத் துடைப்பாள், அந்த வீட்டில் இருக்கும்போது அந்தப் பெட்டியை. பதினோரு வருஷத்தில் இரண்டையும் ஒன்றாக ஒருதடவைகூட அவள் கேட்கவில்லை.

தொழில் மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா இந்த மாசம் யாரு வீட்டுல?" என்று விசாரித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். ஒற்றைப் பெட்டியைக் கொண்டுவந்தால் தொட மாட்டாள். ஜோடியாகக் கொண்டுவந்தால் கேட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்வாள். ஒருமுறை பெரிய கடைக்காரர் ஒருவர் விற்ற ஜோடியைக் கேட்டுவிட்டு, அவர் எதிரிலேயே, "இது ஜோடி இல்ல, ரெண்டு வேற வேற பெட்டியில இருந்து எடுத்தது" என்று போட்டு உடைத்தாள். கடைக்காரர் சாடை காட்டினார், கண்ணை உருட்டினார். அவள் மசியவில்லை. அதிலிருந்து, அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று ஆகிவிட்டது. வருகிற வருமானம் சாப்பாட்டுச் செலவு என்று அந்தந்த வீட்டுக்குப் போனது. தனியாக அறை தேடியும் பார்த்தாள். ஒண்டிக்கட்டை, அதிலும் சத்தம் போடுகிற தொழில் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். வீடு முழுக்கப் பழைய ஸ்பீக்கராக வாங்கி நிரப்பியிருக்கும் மனுஷர். முப்பத்தைந்து வருஷம் பல்லைக் குடையும் மிஷினைக் காதோரம் வைத்து வேலை பார்த்ததில் அவருக்கு மெல்லிய ஒலிகள் கேட்பது நின்றுபோயிருந்தது. அதை அவரே ஒளிக்காமல் சொன்னார். "எனக்குக் காது போச்சும்மா. ஆசை மட்டும் போகல. இனிமே உங்க காதுதான் எனக்குக் காது."

அப்பாவின் ஜோடியைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த மாடல் நல்ல நிலையில் ஜோடியாக எங்கேயும் இல்லை. ஒரு ஒப்பந்தம் பேசினார். ஜோடியை அவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது. அவள் அங்கேயே தங்கி அவருடைய பெட்டிகளையும் வெளி வேலையையும் பார்த்துக்கொள்ளலாம். ஆயுசுக்கும் வாடகை கிடையாது.

அவள் அந்த அறையைப் போய்ப் பார்த்தாள். பதினோரு அடிக்கு ஒன்பது அடி. ஒரு ஜன்னல், ஒரு குழாய். கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள் இருந்தது. பெரியவன் வீட்டில் அவள் படுப்பது சாமான் அறையில், கதவே கிடையாது. சின்னவன் வீட்டில் டிவியை அணைத்த பிறகு கூடத்தில் பாய் போட வேண்டும். அவள் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், திரும்பவும் போட்டாள். வெளியே நின்ற டாக்டர், "என்னம்மா, மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். நல்லாத்தான் இருக்கு" என்றாள். நாற்பத்தாறு வயதில் ஒரு தாழ்ப்பாளுக்காக அழுகை வந்தது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பெரியவனிடம் போய்க் கேட்டாள். "அவன் கொடுத்தா நானும் கொடுக்கறேன்" என்றான். சின்னவனிடம் கேட்டாள். "மொதல்ல அவரு கொடுக்கட்டும்" என்றான். மூன்று மாதம் இங்கேயும் அங்கேயும் நடந்தாள். அண்ணி முட்டியைத் தடவிக்கொண்டே, "ரூம் கொடுக்கறாராமே டாக்டர்? எதுக்குக் கொடுக்கறாராம்?" என்று கேட்டாள். கேட்ட விதம் இருக்கிறதே, நாக்கா அது, அரிவாள்மணையா? காயில் அக்கா பாத்திரத்தைத் தேய்த்தாள்.

அப்புறம் ஒருநாள் அந்த அதிசயம் நடந்தது. பதினோரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத அண்ணனும் தம்பியும் போனில் பேசிக்கொண்டார்கள். சின்னவன் பெரியவன் வீட்டுக்கே வந்து காபி குடித்தான். "சரிக்கா, ரெண்டையும் ரெடி பண்ணு. டாக்டர்கிட்டக் கொடுத்துடலாம்" என்றான். பெரியவன்கூட மீன்தொட்டியைத் தன் கையாலேயே இறக்கி வைத்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

பத்து நாள் அவள் கால் தரையில் பாவவில்லை. இரண்டு பெட்டியையும் பெரியவன் வீட்டுப் பின்கட்டில் அக்கம்பக்கமாக வைத்துப் பிரித்தாள். ஊறிய மரத்தை இழைத்தாள். பத்திரப்படுத்தி வைத்திருந்த நாலு கெபாசிட்டர்களை எடுத்து மீட்டர் வைத்து அளந்தாள். மதிப்பு நெருங்கி வந்த இரண்டை இடதுக்கும் வலதுக்கும் ஒவ்வொன்றாகப் போட்டாள். கூம்பின் விளிம்புக்குப் புதுத் துணிப்பட்டை ஒட்டினாள். ஒயரின் நீளத்தைக்கூட ஸ்கேல் வைத்து ஒன்றுபோல் வெட்டினாள். ஆனால் போட்டுக் கேட்கவில்லை. அதை டாக்டர் வீட்டில்தான் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள். துணிமணியையும் ஒரு பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

ஞாயிறு காலையில் வண்டி பிடித்து மூன்று பேரும் போனார்கள். துணிப்பெட்டியைத் தூக்கியபோது பெரியவன், "அது இப்ப எதுக்கு? அப்புறமா வந்து எடுத்துக்கலாம்" என்றான். அவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

டாக்டர் வீட்டுக் கூடத்தில் பெட்டிகளை நிறுத்தி அவள் குனிந்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் பேச்சு நடந்தது.

"அன்னிக்குப் போன்ல பேசின விலைதான டாக்டர்? ஆளுக்குப் பாதியா கொடுத்துடுங்க" என்றான் சின்னவன்.

"ரூமுக்குத்தான் ஆள் இல்லாமப் போச்சு" என்றார் டாக்டர். "இவங்க அங்க தங்குவாங்கன்னு நினைச்சேன்."

"அவ எங்க டாக்டர் வரப் போறா?" பெரியவன் சிரித்தான். "கல்யாணம் ஆகாதவ. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நாங்க ரெண்டு பேரு குத்துக்கல்லாட்டம் இருக்கோம்ல. ரிப்பேரு எதுவும் இருந்தா வீட்டுக்கு அனுப்புங்க, பண்ணிக் கொடுப்பா."

டாக்டர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அப்புறம் தோளைக் குலுக்கினார். அவருக்கு வேண்டியது ஜோடி. வந்துவிட்டது. "உங்க குடும்ப விஷயம், நான் தலையிடல" என்றார்.

பதினோரு வருஷப் பகை எதற்காகக் கரைந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இவளை விட்டால் பாத்திரம் யார் தேய்ப்பது என்ற ஒரே பயம் இரண்டு எதிரிகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. அடப்பாவிகளா. கையில் இருந்த ஒயர் நுனியை ஒழுங்காக மாட்டி, திருகை இறுக்கிவிட்டு எழுந்தாள்.

"ம், போடுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்குத் திருப்தி" என்று டாக்டர் அவளுக்கு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டார்.

பாட்டு தொடங்கியது. ஒரு பெண் குரல். காயில் அக்கா கண்ணை மூடினாள்.

குரல் நடுவில் வந்து நின்றது. இடதில் இல்லை, வலதில் இல்லை. ஒரு முடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரவில்லை. பாடுகிறவள் மூச்சை இழுப்பதும், உதட்டை ஈரமாக்கிக்கொள்வதும் எதிரே கேட்டன. அப்பா கையால் துழாவிய அதே இடம்தான். மீன்தொட்டித் தண்ணீர், பள்ளிப் பை, குழிந்துபோன குமிழ், எதுவும் அந்த ஜோடியைத் தொடவில்லை. அவ்வளவு சுத்தமாகப் பண்ணியிருந்தாள், படுபாவி.

"எப்படிம்மா?" என்றார் டாக்டர்.

மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கை வேலைக்கு அவர்கள் காசு வாங்கிக்கொள்வார்கள், அவளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள்தான் உலை வைக்க வேண்டும். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அதோடு ஒரு நப்பாசையும் எட்டிப் பார்த்தது. ஆகாது என்று சொல்லிவிட்டால் இந்தப் பெட்டிகளை இவர்கள் சீந்த மாட்டார்கள், தனக்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள், பிறகு டாக்டரிடம் தனியாக வந்து பேசிக்கொள்ளலாம்.

"ஒத்து வரல டாக்டர்" என்றாள். "குரல் இடது பக்கம் இழுக்குது. காயில் வேற வேற மாதிரி தளர்ந்துபோச்சு. இனிமே சரி பண்ண முடியாது."

அந்தத் தொழிலில் அவள் சொன்ன முதல் பொய் அது. ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டார். அண்ணன் தம்பிக்கு வர வேண்டிய காசு போகிறதே என்று தெரிந்தும் உண்மையைச் சொல்கிறவள் என்று அவர் முகத்தில் மரியாதைகூடத் தெரிந்தது.

"அப்ப எனக்கு வேண்டாம்" என்றார். "ஜோடி இல்லன்னா அது வெறும் மரம்."

"என்ன டாக்டர், வண்டி வெச்சுக் கொண்டுவந்துட்டோம். ஏதாவது பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று சின்னவன் குழைந்தான்.

டாக்டர் யோசித்தார். "கிளினிக்ல டோக்கன் நம்பர் கூப்பிட மேல ஒண்ணு, கீழ ஒண்ணு ஸ்பீக்கர் வேணும். சுவத்துல மாட்டற பெட்டி என்கிட்ட இருக்கு. உள்ள இருக்கறத மட்டும் எடுத்துக்கறேன், பழைய இரும்பு விலைக்கு. நம்பர் கூப்பிடத்தான, எப்படி இழுத்தா என்ன?" திருப்புளியை எடுத்து அவளிடமே நீட்டினார். "நீங்களே கழட்டிக் கொடுத்துடுங்கம்மா."

அவள் திருப்புளியை வாங்கிக்கொண்டு நின்றாள். இப்போது வாயைத் திறக்கலாம். பொய் சொன்னேன், ஒத்துப் போகிறது, தொடாதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் ஜோடி பிழைக்கும். இந்தக் கூடத்தில் காலத்துக்கும் சேர்ந்து பாடும். அண்ணனும் தம்பியும் காசை எண்ணிக்கொண்டு, பொய்க்காரி என்று அவளைக் காறித் துப்பிவிட்டு வீட்டுக்கு இழுத்துப் போவார்கள்.

"சீக்கிரம் கழட்டு. வண்டிக்காரன் நிக்கிறான்" என்றான் பெரியவன்.

அவள் மண்டியிட்டாள். பெரிய கூம்புக்கு எட்டுத் திருகு, சின்னதுக்கு நாலு. ஒவ்வொன்றாக எடுத்தாள். கம்பெனி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பதினாலு வருஷத்திலும் அவ்வளவு நிதானமாக அவள் வேலை செய்ததில்லை. கிராஸ்ஓவருக்குப் போகும் ஒயரை அறுத்தாள். ஒரு பெட்டி முடிந்ததும் அடுத்ததற்கு நகர்ந்தாள். கழற்றிய கூம்புகளைத் தரையில் துணி விரித்து வைத்தபோது, டாக்டர் வீட்டு வேலைக்காரன் அவற்றைப் பழைய வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளினிக் பக்கம் போனான். ஐயோ, பெற்ற வயிறு எரியும் என்பார்களே, அவளுக்குப் பெறாமலே எரிந்தது.

வாசலுக்கு வந்ததும் அண்ணனும் தம்பியும் ஆரம்பித்தார்கள்.

"இடது பக்கம் இழுக்குதாம். இடது யாருது? உன்னுதுதான? புள்ளைங்கள விட்டு நாசம் பண்ணிட்ட" என்றான் பெரியவன்.

"ஆமா, நீ மீன் வளர்த்த பெட்டி மட்டும் ரொம்ப ஒழுங்கு" என்றான் சின்னவன்.

பேச்சு முற்றி, செத்துப்போன அப்பாவரைக்கும் போனது. சின்னவன் தன் காலிப் பெட்டியை ஒரு உதை விட்டுவிட்டு, தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தான். "இவ இனி உன் பாடு" என்று திரும்பாமலே கத்தினான்.

"இது அவன் முறை. எனக்குத் தலையெழுத்து" என்று முணுமுணுத்தபடி பெரியவன் வண்டியில் ஏறினான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "உன்ன என்ன கேட்டாங்க? நல்லா இருக்குன்னு ஒரு பொய் சொன்னா என்ன, வாய் வெந்தா போயிடும்? கூடப் பொறந்தவங்களுக்காக ஒரே ஒரு பொய் சொல்லத் தெரியல. பெரிய அரிச்சந்திரன் பேத்தி."

வண்டி கிளினிக் வாசலைத் தாண்டியது. பின்னால் இரண்டு காலிப் பெட்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. அவளால் தாங்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு உலகத்தில் இவன்தான் பக்கத்தில் இருந்தான்.

"அண்ணா" என்றாள். "ரெண்டும் ஒத்துத்தான் போச்சு. ஒரு முடி அளவுகூட வித்தியாசம் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

பெரியவன் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தான்.

"இத அங்க சொல்லியிருக்கணும்" என்றான். "வியாபாரம் முடிஞ்சப்புறம் வந்து பொய் சொல்றா. வாய மூடிட்டு வா."